சேறு வந்தால் சேர் எங்கே போடுவது?

டிசம்பர் 7, ஞாயிறு

கோவளம் உப்பங்கழியோரத்துப் பழைய இறால் பண்ணை. நாங்கள் நட்ட இருநூறு அலையாத்திக் கன்றுகளும் செத்துவிட்டன. இது மூன்றாவது வருடம். எங்கள் குழுத் தலைவர் சூர்யநாராயணன் சார் அசரவில்லை. "இருபதாம் தேதி மறுபடி நடவு விழா வைப்போம் மேடம்" என்கிறார். சேலையூரில் முப்பது வருடம் விலங்கியல் நடத்திவிட்டு, காய்ந்த குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் கன்னியம்மா சிரித்தாள். "இன்னா டீச்சர், தண்ணிய உள்ள வுட மாட்டீங்க, செடி மட்டும் வளரணுமா? அந்த மதகத் தொறங்க. கழியே வெதையக் கொணாந்து போடும். எனக்கும் நாலு இறால் கெடைக்கும்."

டிசம்பர் 10

சாரிடம் கேட்டேன். மதகைத் திறக்க அனுமதிக் கடிதமே இருக்கிறதே?

"இருக்கு மேடம். ஆனா சேறு வந்தா சேர் எங்க போடறது?"

டிசம்பர் 11

கடிதத்தை மறுபடி படித்தேன். 'தலைவர் அல்லது செயலாளர் மதகை இயக்கலாம்.' செயலாளர் யார்? அடடா, நான்!

டிசம்பர் 19, வெள்ளி

அமாவாசை. நாளைக் காலையும் கடலேற்றம் பலமாக இருக்குமாம். விழா எட்டரைக்கு. கன்னியம்மாவிடம் கடப்பாரை இருக்கிறது.

டிசம்பர் 20, சனி

ஆறு மணிக்குப் போனோம். மதகில் ஐந்து பலகைகள். நான்காவதை இழுத்த இழுப்பில் சேற்றில் உட்கார்ந்தேன். அவள் சிரித்த சிரிப்பில் கொக்குகள் பறந்துவிட்டன.

சிறப்பு விருந்தினர், "இயற்கையை நாம் வரவேற்க வேண்டும்" என்று தொடங்கினார். வந்தது. முதலில் ஷூ, அப்புறம் கணுக்கால். சார் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கரையேறிக் கேட்டார், "யார் தொறந்தது?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். "நான்தான் சார். செயலாளர்" என்றேன்.

டிசம்பர் 21

இனி செயலாளர் இல்லை. வாட்ஸப் குழுவிலிருந்தும் தூக்கிவிட்டார். என் வீட்டுக்காரர் தோத்தாத்ரி காபியை நீட்டி, "பாலா, இந்த வயசுல சஸ்பென்ஷனா?" என்கிறார். சிரிப்பு வரவில்லை. சார் போய் மதகை மூடிடுவாரோ? மூடினா எல்லாம் போச்சே —

டிசம்பர் 29

மூடத்தான் போனாராம். பலகைகளைக் காணோம். "தண்ணி அடிச்சிகினு பூட்ச்சி சார்" என்றாளாம் கன்னியம்மா.

அவள் வீட்டு வாசலில் புதிதாக ஒரு பெஞ்சு. உட்கார்ந்து பார்த்தேன். நல்ல உறுதி.

ஏப்ரல் 12, ஞாயிறு

பண்ணைக்குள் சாண் உயரத்துக்கு அலையாத்தி. நூற்றுப்பத்து வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். ஒன்றுகூட நாங்கள் நட்டதில்லை. கன்னியம்மா இப்போது உள்ளேயே இறால் தடவுகிறாள்.

சாயங்காலம் சார் போன் செய்தார். இத்தனை மாதத்தில் முதல் தடவை. "மேடம், ஜூன்ல நடவு விழா வைக்கணும். பண்ணைல எந்தப் பக்கம் நடலாம்?"

"இடமே இல்லையே சார்."

அப்புறம் மெதுவாக, "நான் வந்து பாக்கலாமா?" என்றார்.

நாளைக் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.