உறை ஊற்றியவள்

மார்ச் 4, செவ்வாய்

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைக்கு அதுவே பெரிய செய்தி.

என் கைக்கு வந்த கருத்துகள் இரண்டாயிரத்து நூறு. இணையத்தில் செய்தியைப் படித்துவிட்டு ஜனங்கள் கீழே எழுதுவதை ஒவ்வொன்றாகப் பார்த்து 'விடு' அல்லது 'தள்ளு' என்று அழுத்துவதுதான் என் வேலை. நாலு வருடமாக இதே நாற்காலி, இதே முதுகுவலி. பக்கத்து நாற்காலிக்காரனுக்குக் கத்தரி என்று பெயர் வைத்திருக்கிறோம். வருவதில் பாதிக்கு மேல் தள்ளிவிடுவான். இன்றைக்குப் பொறுப்பாசிரியர் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று பாடம் எடுத்தார். "ஏம்ப்பா, ஒரு ஆளப் பேர் சொல்லித் திட்டினா கேஸ் வரும், தள்ளு. ஒரு நாட்டையே திட்டினா யாரு கேஸ் போடப் போறா? விடு."

எல்லோரும் சிரித்தோம். கத்தரி மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு எப்போதுமே ஒரு சொரசொரப்பு.

மார்ச் 5, புதன்

கருத்தே வராமல் காய்ந்து கிடக்கும் செய்திகளுக்கு நாங்களே பொய்ப் பெயரில் முதல் கருத்தை எழுதிப் போடுவோம். ஆபீசில் அதற்கு 'உறை' என்று பெயர். பாலில் ஒரு சொட்டு விட்டால் போதும், மிச்சம் தானே தோயும். உறை ஊற்றுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இது நான் சொன்னதில்லை, பொறுப்பாசிரியர் சொன்னது. சரி, எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

இன்று வந்தது வெளிநாட்டுச் செய்தி. பதினாலு மாடிக் கட்டடம், லிப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே நாலு பேர். அதில் ஒரு முதியவர் மூச்சுத் திணறி மயங்கி, ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். வெளியே, பழுது பார்க்க வந்த தொழிலாளி படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறான். மேல்படியிலிருந்து யாரோ எடுத்த வீடியோ, இருபத்திரண்டு நொடி. முதுகு, தலைக்கவசம், வாய்க்குப் போகும் கை. தின்பவன் நம் நாட்டுக்காரன் என்பதால் நம் செய்திப் பக்கத்துக்கும் வந்துவிட்டது.

ஒரு மணி நேரம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. "உறை ஊத்தும்மா" என்றார் பொறுப்பாசிரியர். ஆறேழு நொடி பார்த்தேன், போதுமாக இருந்தது. 'நியாயத்தராசு' என்ற பெயரில் எழுதினேன்: "உள்ளே ஒரு உயிர் மூச்சுக்குத் தவிக்குது. இவனுக்கு ஒரு வாய் குறையக் கூடாது."

மத்தியானத்துக்குள் நாலாயிரம் பேருக்குப் பிடித்துவிட்டது. பொறுப்பாசிரியர் அதைத் தூக்கி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

மார்ச் 6, வியாழன்

கல்லாகத் தோய்ந்துவிட்டது. ஒன்பதாயிரம் கருத்து. விரல் வலிக்கிறது.

அந்த நாட்டுக்காரர்கள், இந்தக் கூட்டத்தையே கப்பலேற்றி அனுப்பு என்கிறார்கள். நம்மவர்கள் இரண்டு கட்சி. அடுத்தவன் உழைப்பில் உட்கார்ந்து தின்னும் நாடு எங்களுக்குப் புத்தி சொல்லாதே என்பது ஒன்று. இவனால் நம் மானமே கப்பலேறிவிட்டது என்பது இன்னொன்று. ஆளும் கப்பலில், மானமும் கப்பலில். மொத்தத்தில் கப்பல்காரனுக்கு நல்ல நாள் என்று கத்தரியிடம் சொன்னேன். அவன் 'தள்ளு'வை அழுத்திக்கொண்டே இருந்தான்.

ஒருவர் எழுதியிருந்தார்: "இவன் அம்மா என்ன சொல்லி வளர்த்தாளோ." கெட்ட வார்த்தை இல்லை, பெயர் இல்லை. விட்டேன்.

என் வரியை ரொட்டிப் படத்தின் மேல் எழுதி ஊர் முழுக்க அனுப்புகிறார்கள். பேருந்தில் முன்சீட்டுக்காரர் போனில்கூடப் பார்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி

அது தம்பி.

மார்ச் 8, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் கை ஓடவில்லை, ஆனால் எங்கேயாவது சொல்லியாக வேண்டும்.

நேற்று ஆபீசுக்கு அம்மா போன் செய்தாள். "தம்பிய வேலைய விட்டு நிறுத்திட்டாங்களாம்டி. ஏதோ வீடியோன்னு சொல்றான், எனக்கு ஒண்ணும் புரியல. ஏதோ லிப்டாம்." நாற்காலியிலிருந்து எழுந்தேனா, உட்கார்ந்தே இருந்தேனா, நினைவில்லை. வீடியோவை முழுசாக ஓடவிட்டேன். பதினாலாவது நொடியில் திரும்புகிறான். பாதி முகம்தான். பாதி போதாதா எனக்கு? திரும்பாவிட்டால்தான் என்ன, இடது காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறான். பிறந்ததிலிருந்து அப்படித்தான் உட்காருவான். அப்பா இருந்தவரை அதற்காகவே அடி வாங்கினான்.

அங்கே போய் ஏசி வேலைதானே பார்த்துக்கொண்டிருந்தான்? லிப்ட் கம்பெனிக்கு மாறியதை ஜனவரியிலேயே போனில் என்னிடம் சொன்னானாம். நான் "ம்ம், நல்லது" என்றேனாம். அம்மா சொல்கிறாள். அப்போது எதை விட்டுக்கொண்டிருந்தேன், எதைத் தள்ளிக்கொண்டிருந்தேன்?

ஆறு நொடி. இன்னும் எட்டு நொடி பார்த்திருந்தால் என்னடி கெட்டுப்போயிருக்கும் உனக்கு?

மார்ச் 10, திங்கள்

பொறுப்பாசிரியரிடம் அந்த வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். ஏன் என்று சொல்லவில்லை.

"இப்ப எடுத்தா நாம பயந்துட்டோம்னு ஆயிடும். அதுவுமில்லாம அது நம்ம கருத்து இல்லம்மா, வாசகர் கருத்து."

எழுதச் சொன்ன ஆள், எழுதிய ஆளிடமே இதைச் சொல்கிறார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறார். போன வாரம் வரை நானும் அப்படித்தான் நம்பினேன்.

சாப்பாட்டு நேரத்தில் கத்தரியிடம் மட்டும் சொன்னேன். மூன்று மணிக்கு அந்த வரி பக்கத்தில் இல்லை. "கை பட்டுடுச்சு சார்" என்று அவன் சொல்வது கேட்டது. கண்டபடி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

எடுத்து என்ன ஆகப்போகிறது? ஊரெல்லாம் போய்விட்டது.

மார்ச் 19, புதன்

தம்பி வந்துவிட்டான். ஒரே ஒரு பை. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. அம்மா தட்டு வைத்தாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். "களைப்பா இருக்கும்" என்றாள் அம்மா.

மார்ச் 23, ஞாயிறு

நாலு நாளாக அப்படித்தான். தட்டோடு உள்ளே போவான், கதவு சாத்திக்கொள்ளும். கழுவிய தட்டோடு வெளியே வருவான். யார் கண்ணெதிரிலும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

இன்று மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அவனாகவே சொன்னான். மெயின் கரண்டை நிறுத்திப் பூட்டுப் போட, சாவியோடு இன்னொரு ஆள் வர வேண்டும். அதற்கு முன் கை வைக்கக் கூடாது. வைத்தால் உள்ளே இருக்கும் நாலு பேரும் லிப்டோடு கீழே விழுவார்கள். மூன்று தடவை போன் செய்தான். வரேன் வரேன் என்றார்களே தவிர ஆள் வரவில்லை.

"கதவுக்கிட்ட வாய வெச்சு, இதோ ஆள் வந்துட்டிருக்கு, பயப்படாதீங்கன்னு சொல்லிட்டே இருந்தேன்கா. அவங்க பாஷை எனக்கு அரைகுறை. தொண்ட கட்டிப்போச்சு. அப்பறம் படியில வந்து உக்காந்தேன்."

நான் கேட்கவே இல்லை. அவனே சொன்னான். "பசிச்சுதுக்கா. அவ்ளோதான்."

துணியை உதறி உதறிக் காயப்போட்டேன். சொல்லியிருக்கலாம். இரண்டே பேர்தான், நடுவில் ஒரு போர்வை. சொல்லவில்லை. துப்புக்கெட்டவள்.

மார்ச் 30, ஞாயிறு

கீழ்வீட்டு அம்மாள் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டியிருக்கிறாள். அம்மா சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் என்ன சொல்லி வளத்தேன்னு கேக்குறாங்களாமே. யாருடி அவங்க? நம்மளத் தெரிஞ்சவங்களா?"

தெரியாதவர்கள் என்றேன்.

"தெரியாமயேவா கேக்குறாங்க?"

அந்தக் கேள்வியை உள்ளே விட்டவள் நான்தான் அம்மா. என் விரல்தான். இதை இங்கே எழுதுகிறேன், உன்னிடம் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

விசாரணை முடிந்துவிட்டது. தம்பி மேல் தவறில்லை. விதிப்படி காத்திருந்தான். சாவி வைத்திருந்தவர் ஒரே ஆள், ஆறு கட்டடத்துக்கும் அவர்தான். முப்பத்தொரு நிமிடம் தாமதமாக வந்தார். தவறு கம்பெனியுடையது.

நம் பக்கத்தில் நாலே வரிச் செய்தி. காலையிலிருந்து ஒரு கருத்துகூட இல்லை. இந்த முறை யாரும் சொல்லாமல் நானே உறை ஊற்றினேன். அடித்து, திருத்தி, அரை மணி நேரம் எழுதினேன்: "காத்திருந்தவனைக் கொலைகாரன் என்றோம். இப்போது யார் மன்னிப்புக் கேட்பது?"

சாயங்காலம் வரை மூன்று பதில்கள். ஒன்று, "யாரு இவன்?" இரண்டு, "பழைய கதை." மூன்று, "காசு வாங்கிட்டு எழுதுறியா?"

தோயவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

விடுமுறை. அம்மா கடைக்குப் போயிருந்தாள். தம்பி மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். இப்போது சொல்லவில்லை என்றால் எப்போதுமே சொல்ல மாட்டேன் என்று பட்டது. சொல்லிவிட்டேன். நியாயத்தராசு நான்தான், அந்த வரி என்னுடையது, நீ என்று தெரியாது, சத்தியமாகத் தெரியாது.

துடைப்பதை அவன் நிறுத்தவே இல்லை.

"தெரியும்கா."

எப்படி என்று கேட்டேனா? கேட்டிருப்பேன்.

"ஒரு வாய் குறையக் கூடாதுன்னு ஊர்ல யாரு திட்டுவா? அம்மா என்னைத் திட்டுறதுதானே அது. எல்லாரும் கெளம்பி வாசல்ல நிப்பீங்க, நான் மட்டும் தட்டு முன்னாடி உக்காந்திருப்பேன். அப்பத் திட்டுவாங்க. அன்னிக்கி ரூம்ல ஒருத்தன் படிச்சுக் காட்டினான். கேட்டதுமே தெரிஞ்சிடுச்சு."

ஆமாம். அம்மாவின் வாய்தான் அது. எழுதும்போது என் சொந்தச் சரக்கு என்றல்லவா நினைத்தேன்.

பிறகு அவன் சொன்னதை எப்படி எழுதுவது? அப்படியே எழுதிவிடுகிறேன். "நான்னு தெரிஞ்சுதான் நீ எழுதினேன்னு நெனச்சேன்கா. அக்காவே இப்படிச் சொல்லுதுன்னா நாம தப்புப் பண்ணிட்டோம் போலன்னு நெனச்சேன். மத்தவன் ஆயிரம் சொல்லட்டும், அவனுக்கென்ன தெரியும்."

ஆறு வாரம். ஆறு வாரம் அதை உள்ளே வைத்துக்கொண்டு, அதில் ஒரு மாதம் இதே வீட்டில் என்னோடு இருந்திருக்கிறான். என் துணிகூடக் காயப்போட்டிருக்கிறான்.

நான் அழுதேன். "விடுக்கா" என்றான். எரிச்சலோடு இல்லை, மெதுவாகத்தான். காலையிலிருந்து மாலைவரை நான் அழுத்திக்கொண்டிருக்கும் சொல். அவன் வாயிலிருந்து கேட்கத் தாங்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

காலையில் செருப்பு மாட்டும்போது கேட்டான்: "அது நானா இல்லாம வேற எவனோவா இருந்திருந்தா, உனக்கு இவ்ளோ வலிச்சிருக்குமா?"

பதில் தெரியும். அவனுக்கும் தெரியும்.

மே 12, திங்கள்

நாலு வருடத்தில் நான் எழுதிய உறைகளைத் தேடி எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். எட்டுப் பொய்ப் பெயர். ஊசி மாற்றிப் போட்ட ஒரு நர்ஸ். பிள்ளையை வெயிலில் நிறுத்திய டீச்சர். கடைசிப் பந்தைக் கோட்டைவிட்ட ஒரு ஆட்டக்காரர், அவரோடு சேர்த்து அவர் நாடு முழுவதும். வெள்ளத்தில் தவித்த ஒரு தேசத்துக்கு, "வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும்" என்று எழுதியிருக்கிறேன். ஏன்? என்ன கோபம் எனக்கு அவர்கள் மேல்? ஒரு கோபமும் இல்லை. அன்றைக்குக் கருத்து வரவில்லை, அவ்வளவுதான். இவர்களுக்கெல்லாம் அக்காக்கள் இருந்திருப்பார்கள். நாற்பதுக்கு மேல் படிக்க முடியவில்லை.

இனி உறை ஊற்ற மாட்டேன் என்று பொறுப்பாசிரியரிடம் சொன்னேன். "உன் இஷ்டம்மா" என்றார். மூலை மேஜைக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள், அவள் ஊற்றுகிறாள். நன்றாகவே எழுதுகிறாள். கத்தரி போன வாரம் வேலையை விட்டுவிட்டான். நான் விடவில்லை. வீட்டில் இப்போது என் சம்பளம் ஒன்றுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையும்தான்.

ஜூன் 3, செவ்வாய்

தம்பி வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் இயந்திரம் பார்க்கும் வேலை. கூட ஏழெட்டுப் பேர். யாருக்கும் அவனைத் தெரியாது என்கிறான். அம்மாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. விடியற்காலையிலேயே எழுந்து அவனுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டுகிறாள்.

சாயங்காலம் பை கனமாகவே திரும்பி வருகிறது. முதல் நாள், மறந்துவிட்டேன் என்றான். இரண்டாம் நாள் ஒன்றும் சொல்லாமல் டப்பாவை என் கையில் கொடுத்தான். இப்போது தினமும் நேராக என்னிடம்தான் கொடுக்கிறான். அம்மா கூடத்திலிருந்து, "எல்லாம் சாப்பிட்டானாடி?" என்று கேட்பாள். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆறிப்போன சோற்றை நின்றபடியே தின்று முடித்து, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொல்வேன்: "சாப்பிட்டுட்டான்மா."