வைத்திக்குப்பத்துச் சந்து திறந்துவிட்டது, அண்ணி

பிரியமுள்ள பிலோமின் அண்ணிக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது, "விஷயத்துக்கு வா தெரேசு" என்பீர்கள். வைத்திக்குப்பத்துச் சந்து திறந்துவிட்டது. கேட்டும் இல்லை, பூட்டும் இல்லை. இன்று காலைகூட அந்த வழியாகத்தான் கடற்கரைக்குப் போய்த் திரும்பினேன்.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். அண்ணன் சாமந்தி வாங்கித் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார். கல்லறை முன்னால் நின்று இதையெல்லாம் சொல்ல என்னால் ஆகாது. சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். அதனால் எழுதுகிறேன். நம் நடைக்கூட்டத்தாரும் படிக்கட்டும். புதிதாக வந்து சேர்ந்தவர்களில் பாதிப் பேர் உங்களைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். அவரோடு நீங்களும் பல வருஷம் பிரான்ஸில் இருந்துவிட்டு, பென்ஷன் வந்ததும் புதுச்சேரிக்கே திரும்பிவிட்டீர்கள். அங்கிருந்து வருகிறவர்கள் சென்ட் பாட்டில் கொண்டுவருவார்கள், சாக்லேட் கொண்டுவருவார்கள். நீங்கள் கொண்டுவந்தது ஒரு ஜோடி கனத்த பூட்ஸ். புடவைக்குக் கீழே அதை மாட்டிக்கொண்டு நீங்கள் தெருவில் இறங்கிய முதல் நாள், எதிர்வீட்டு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"சிரிக்கட்டும். அங்க ஞாயித்துக்கெழம ஆனா கும்பலா நடக்கக் கெளம்பிடுவாங்க தெரேசு. வயலுக்கு நடுவுல, தோப்புக்கு நடுவுல வழி போவும். எவன் நெலமா இருந்தாலும் அந்த வழி பொது. எல்லாருமா சேந்து போயி முள்ள வெட்டிச் சுத்தம் பண்ணி வெப்பாங்க. நடந்துகிட்டே இருந்தாத்தான் அது வழி. வுட்டுட்டா யாராவது வேலி போட்டுக்குவான்" என்றீர்கள்.

எனக்கு அப்போதுதான் சர்க்கரை வந்திருந்தது. நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னார் என்று உங்களிடம் சொன்னதுதான் தாமதம், அடுத்த ஞாயிறே முதல் பூசை முடிந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். பிறகு எதிர்வீட்டு அம்மாவும் வந்தார். அவருடைய தங்கை வந்தார், ரிட்டையரான தபால்காரர் ஒருவர் வந்தார். யாராவது பின்தங்கினால் "அல்லே, அல்லே!" என்று முன்னாலிருந்து நீங்கள் அதட்டுவீர்கள். அதற்கு நட என்று அர்த்தம் என யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. குரலிலேயே தெரிந்தது.

பீச் ரோட்டில் நடந்து, வடக்கே மணலில் இறங்கி, வைத்திக்குப்பத்தில் படகுகளுக்கு நடுவே புகுந்து, அந்தச் சந்து வழியாக நம் தெருவுக்கு ஏறிவிடுவோம். இரண்டு பக்கமும் மதில். இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் உரசும். மீன் கூடையோடு எதிரே யாராவது வந்தால் நாம்தான் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டும். குப்பத்துப் பெண்கள் மார்க்கெட்டுக்குப் போனதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அதில்தான். அஞ்சலை நமக்குப் பழக்கமானதும் அந்தச் சந்தில்தான். "வஞ்சிரம் கீது, பாக்கறியாம்மா?" என்று கூடையை உங்கள் காலடியிலேயே இறக்கி வைப்பாள்.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் வந்த அந்த ஞாயிறைப் பற்றிப் புதியவர்களிடம் எப்படிச் சொல்வது? அன்றும் நடக்கப் போயிருந்தோம். நீங்களும் நானும் மட்டும் பின்தங்கி, அஞ்சலையிடம் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவள்தான் முதலில் கடலைப் பார்த்தாள். கூடையைப் போட்டுவிட்டு, "ஓடுங்க!" என்று கத்தினாள். சந்துக்குள் நாம் எப்படி நுழைந்தோம், யார் யாரைத் தள்ளினோம் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை. அஞ்சலையின் மகள் உங்கள் இடுப்பில் இருந்தாள். தெருவில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது சந்துக்குள் கறுப்பாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அஞ்சலையின் வீடு போயிற்று, படகு போயிற்று. அவர்கள் பிழைத்தார்கள், நாமும் பிழைத்தோம்.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். சந்தின் பக்கத்திலிருந்த பழைய வீட்டை ஒருவர் வாங்கி, வெள்ளையடித்து, வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக்கினார். ஒரு ஞாயிறு நாம் கடற்கரையிலிருந்து ஏறி வந்தால், தெருமுனையில் ஆளுயர இரும்புக் கேட், அதில் பூட்டு தொங்குகிறது. விருந்தாளிகள் மீன் நாற்றம் என்கிறார்கள், திருட்டுப் பயம் வேறு என்றார் விடுதிக்காரர். குப்பத்துப் பெண்கள் கூடையோடு லாரி ஓடும் சாலையைச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள்.

நீங்கள் விடவில்லை. நகராட்சிக்கு மனு கொடுத்தீர்கள். "பாத்துக்கலாம்மா, நீங்க போங்க" என்று அனுப்பிவைத்தார்கள். மறுபடி போனீர்கள், அதே பதில். பிறகு ஞாயிறுதோறும் நம்மை அந்தக் கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். விடுதிக்காரர் வெளியே வந்தால் சிரித்த முகமாக வணக்கம் வைத்து, "போன்ழூர் மொஸ்யே, தொறங்க, நடந்துட்டுப் போயிடறோம்" என்பீர்கள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

ஒருநாள் அவர் பொறுமை இழந்துவிட்டார். "நீங்க பிரான்ஸ் பாஸ்போர்ட் வெச்சிருக்கறவங்க. நெனச்சா ஏறிப் போயிடுவீங்க. உங்களுக்கு எதுக்கும்மா இந்த ஊர்ச் சண்ட?"

"பாஸ்போர்ட் பெட்டில கீது சார். காலு இங்கதான கீது?"

அஞ்சலை பேசுவது மாதிரியே நீங்கள் பேசியதைக் கேட்டு அவளே சிரித்துவிட்டாள். விடுதிக்காரர் சிரிக்கவில்லை.

நம் ஆட்களிலும் சிலர் முணுமுணுத்தார்கள். நடக்கத்தான் பீச் ரோடு இருக்கிறதே, வம்பு எதற்கு என்றார்கள். "பீச் ரோடு நாம நடக்கறதுக்கு. இந்தச் சந்து அவங்க ஓடறதுக்கு" என்றீர்கள். அப்போதும் இரண்டு மூன்று பேர் நின்றுவிட்டார்கள். கூட்டம் சிறுத்துப்போயிற்று.

மழைக்காலத்தில் உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தால் முதல் கேள்வி, "தொறந்தானா?" என்பதுதான். திறந்துவிட்டான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்களே. "இன்னும் இல்ல அண்ணி" என்றேன். "சரி, ஞாயித்துக்கெழம வுட்டுடாத" என்று திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அதுதான் நீங்கள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

நான் விடவில்லை. எதிர்வீட்டு அம்மாவும் விடவில்லை. சில ஞாயிறுகளில் நாங்கள் இருவர் மட்டும் கேட்டின் முன்னால் நின்றிருக்கிறோம். உங்களைப் போல எனக்குப் பேச வராது. சும்மா நின்றுவிட்டுத் திரும்புவோம். இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கே தோன்றியதுண்டு.

அன்று ஒரு புதன்கிழமை. சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். கடலுக்கு அப்பால் எங்கோ பெரிய பூகம்பம், கரையோரத்தில் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று டிவியில் சொன்னார்கள். அண்ணனைக் கிளப்பலாமென்று எழுந்தேன். அதற்குள் குப்பத்துப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. நான் வாசலுக்கு ஓடினேன். சந்துமுனைக்குப் போனபோது கேட்டின் அந்தப் பக்கம் முழுக்க முகங்கள். கம்பி இடுக்கில் கைகள். நடுவில் அஞ்சலை, மாமியாரைத் தாங்கிப் பிடித்தபடி நிற்கிறாள்.

"தெரேசம்மா, தொறக்கச் சொல்லுமா! பின்னால ஜனம் நெருக்குது!"

விடுதிக்காரர் சாவிக்கொத்தோடு வெளியே ஓடிவந்தார். ஒரு சாவியைப் போட்டார், திறக்கவில்லை. இன்னொன்றைப் போட்டார். கொத்து கைதவறிக் கீழே விழுந்தது. மாடியிலிருந்து அவருடைய மனைவி, "தொறந்து வுடுங்க, தொறந்து வுடுங்க!" என்று அலறிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை கம்பியோடு நசுங்கி வீறிட்டது. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. எவ்வளவு நேரம் இருக்கிறது, யாருக்குத் தெரியும்?

"சாவிய வுடு சார், தூக்கு!" என்று உள்ளேயிருந்து அஞ்சலையின் புருஷன் கத்தினான். ஆண்கள் நான்கைந்து பேர் அந்தப் பக்கம் கேட்டுக்கு அடியில் கை கொடுத்தார்கள். இந்தப் பக்கம் விடுதிக்காரர் குனிந்தார். நானும் குனிந்தேன், அண்ணி. நான் எவ்வளவு தூக்கியிருப்பேன் என்று கேட்காதீர்கள். ஒரு தம் கட்டியதில் கேட் கீலிலிருந்து கழன்று, பூட்டோடு அப்படியே தெருவில் சாய்ந்தது. ஜனம் அதை மிதித்துக்கொண்டு வெளியே வந்தது. அஞ்சலையின் மாமியாரை விடுதிக்காரர்தான் வாங்கித் தன் வாசல்படியில் உட்காரவைத்தார்.

கடல் வரவில்லை.

வெகுநேரம் தெருவிலேயே நின்றோம். ஆபத்து இல்லையென்று சேதி வந்தபோது யாரோ சிரித்தார்கள். உடனே பலருக்கு அழுகை வந்துவிட்டது. விடுதிக்காரரின் மனைவி குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு பயந்துகொண்டேதான் போனேன். கேட்டை உடைத்ததாகக் கேஸ் போட்டிருப்பாரோ, புதுப் பூட்டு வாங்கியிருப்பாரோ என்று மனசு அடித்துக்கொண்டது. விடுதிக்காரர் சந்துமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேட் மதிலோரம் சாய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"திருப்பி மாட்டல. மாட்டவும் மாட்டேன்" என்றார். "எந்தச் சாவின்னே எனக்குத் தெரியலம்மா. என் கேட்டு, என் பூட்டு, எனக்கே தெரியல. அன்னையிலேருந்து தூக்கமில்ல."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். உங்களைப் போல நறுக்கென்று ஒரு வார்த்தை. நன்றிக்கு "மெர்சி" என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கி, "அந்த பூட்ஸ் போட்ட அம்மா எங்க, ரொம்ப நாளா காணமே?" என்றார். நீங்கள் போய்விட்டதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, அண்ணி. நான் சொன்னேன். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

இப்போது நகராட்சியிலிருந்து வந்து சிமெண்டு போட்டிருக்கிறார்கள். ஒரு விளக்குக் கம்பமும், 'பொது வழி' என்று ஒரு பலகையும் உண்டு. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சிமெண்டு போட்டதும் பையன்கள் பைக்கைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துகிறார்கள். எதிர்வீட்டு அம்மா அந்த பைக்குகளின் ஹாரனை அழுத்தியே அவர்களை வீட்டைவிட்டு வெளியே வரவைக்கிறார். இவருக்கு இவ்வளவு வீரம் எங்கே ஒளிந்திருந்தது?

நின்றுபோனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். உழவர்கரைப் பக்கமிருந்துகூட நான்கு பெண்கள் பஸ் ஏறி வருகிறார்கள். என் சர்க்கரை அடங்கியிருக்கிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறேன், அண்ணி. இத்தனை நாள் ஏதோ ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறேன் என்பதே அது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

அண்ணனைப் பற்றிக் கேட்பீர்கள். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, பிடிவாதமும் அப்படியே. போன ஞாயிறு தானாகவே சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். சந்தின் மதிலைப் பிடித்துப் பிடித்துக் கடல்வரை நடந்தார். மணலில் நின்று, "இவ்ளோ கிட்டவா இருக்குது?" என்றார்.

தேங்காய்த்திட்டில் துறைமுகத்துக்குப் போகும் ஒரு நடைவழியில் கம்பிவேலி போட்டுவிட்டார்களாம். அந்த ஊர்ப் பெண்கள் அஞ்சலை மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வருகிற ஞாயிறு நாங்கள் எல்லோரும் அங்கே போய் நிற்கிறோம். திறக்கும்வரை நிற்போம், இது சத்தியம். இந்தத் தடவை கடல் வந்து மிரட்டட்டும் என்று காத்திருக்க மாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமையை விடாத
உங்கள் நாத்தனார்
தெரேஸ்