பத்தாம் இலக்க ஜேர்சி

இஞ்சாருங்கோ,

உதைபந்தாட்டக் கழகத்துச் செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் மெல்பேர்ன் போனபின் எங்கள் அணியில் எல்லாம் புதுப் பொடியன்கள். நன்றாக ஓடுகிறார்கள், ஆட்டத்தை நடத்தத்தான் ஆளில்லை. அதனால் இரண்டு பேரைப் பக்கத்து ஊர் ஒடாஹுஹு அணிக்குக் கொடுத்து, அங்கிருக்கும் மூத்த ஆட்டக்காரர் ஒருவரை எடுக்கலாமா என்று நேற்றுக் கூட்டம் வைத்தார்கள்.

"வயசு போட்டுது, முழங்காலும் சரியில்லையாம்," என்று நான்தான் எதிர்த்தேன்.

"அக்கா, உங்கட அவருக்கும் அதே வயசுதானே? அவர் வந்தால் வேண்டாமெண்டு சொல்லுவியளோ?" என்றான் கப்டன் சுலக்ஷன்.

பிறகு நானும் கையை உயர்த்தினேன். எடுப்பதென்று முடிவாயிற்று.

வருகிறவருக்கு உங்கள் பத்தாம் இலக்க ஜேர்சி வேண்டுமாம். "தோச்சுப் போட்டனான், இந்த மழைக்கு இன்னும் காயேல்லை," என்றேன்.

நீங்கள் கடைசியாகக் கழற்றிப் போட்டதிலிருந்து அதை நான் தோய்க்கவே இல்லை.

அதே ஒனிஹங்கா வீட்டில்,
நான்