ட்ரேவினே ஊர்ச்சின்னத்தின் இரண்டு தேனீக்கள்

ட்ரேவினே, லிதுவேனியா
ஜூன் 1951

அன்புத் தம்பி மொட்டேயுஸுக்கு,

அக்கா பார்போராவின் ஆசிகள். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் அதிகாரிக்கும் வணக்கம். சைபீரியாவில் இன்னும் பனி உருகவில்லை என்று எழுதியிருந்தாய். கம்பளிக் காலுறையும் பன்றிக்கொழுப்பும் அனுப்பினேன். உன் கைக்கு எவ்வளவு மிஞ்சியது என்று எழுது.

நான் நலம். பசுவைக் கூட்டுப்பண்ணைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கறப்பதற்கு மட்டும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ஊர்மன்ற வாசலுக்கு மேலே நீ செதுக்கி வைத்த ஊர்ச்சின்னத்தைக் கழற்றி அடுப்பில் போடும்படி, வெளியூரிலிருந்து வந்த புதுத் தலைவர் உத்தரவு போட்டார். ஒரு மரப்பொந்து, இருபுறமும் ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு தேனீக்கள். இதில் என்ன குற்றம் என்று கேட்டோம். அர்த்தத்தைச் சொல்லுங்கள் என்றார். எதிர்வீட்டு யொகூபாஸ்தான் வாயைத் திறந்தான்: "இந்த ஊர்ல தேனீய விக்கவும் மாட்டோம், வாங்கவும் மாட்டோம். என் கூட்டம் பறந்து வந்து உங்க வீட்ல உக்காந்துச்சுன்னா நாம சொந்தக்காரங்க. சொந்தக்காரன் சொந்தக்காரனைக் காட்டிக்கொடுக்க மாட்டான். அவ்வளவுதான்."

தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. உன் கூட்டாளிகளின் பெயரைக் கேட்டு யொகூபாஸை இரண்டு முறை இழுத்துப் போனவர் அவர்தானே. ஒரு பெயர்கூடக் கிடைக்காமல்தான் அவனைத் திருப்பி அனுப்பினார்.

பலகையை இறக்க ஊரில் ஏணி கிடைக்கவில்லை. எல்லா ஏணிகளும் ஒரே நாளில் உடைந்துவிட்டன. என்னுடையது முந்தின நாள் வரை நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து ஊரிலிருந்து ஒன்றை வரவழைத்துத் தலைவரே ஏறினார். பார்த்தால், பலகை முழுக்கக் கொத்துக் கொத்தாய் என் தேனீக்கள்! கூட்டம் பிரியும் காலம் இது, எங்கே போய் உட்காரும் என்று யார் கண்டார்கள்? தேனீயை இழுக்கும் தழையின் வாசனை பலகையிலும் என் கையிலும் ஒன்றுபோல அடித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

தலைவர் கையால் தட்டிவிடப் பார்த்தார். நன்றாக வாங்கிக்கொண்டு இறங்கினார். யொகூபாஸ் தொப்பியைக் கழற்றி, "தலைவரே, பார்போரா கூட்டம் உங்க வாசல்ல உக்காந்துருச்சு. இனிமே நீங்களும் எங்களுக்குச் சொந்தம்!" என்றான். ஊரே சிரித்தது. உன்னைக் கொண்டுபோன பிறகு நானும் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

கூட்டத்தை எடு என்று எனக்கு உத்தரவு வந்தது. "அது இப்ப உங்களுதுங்க" என்று சொல்லிவிட்டேன். நாளை காலை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போவேன்.

பலகையை எரித்தாலும் எரிப்பார்கள். எரிக்கட்டும். புது ஓக் பலகை ஒன்று இழைத்துத் தயாராக இருக்கிறது. யாரிடம் என்று எழுத மாட்டேன். மரப்பொந்தும் ஒரு தேனீயும் செதுக்கியாகிவிட்டது. அந்தத் தேனீ கொஞ்சம் ஈ மாதிரிதான் இருக்கிறது. எதிர்ப்பக்கம் மட்டும் வெறும் மரமாக விட்டிருக்கிறோம். அதில் வேறு எவரும் உளி வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கையைப் பத்திரமாக வைத்துக்கொள் தம்பி. திரும்பி வந்து அதைச் செதுக்கு.

உன் அக்கா,
பார்போரா