சமையலறைச் சுவரில் ஒரு கை

அக்கா,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் சமையலறைச் சுவர் ஒருநாள் வாயைத் திறக்கும் என்று முதலில் சொன்னது நான்தான். எப்போது சொன்னேன் என்று கேட்காதே. நான் சொன்னதில் பாதியை நீ காதில் வாங்கியதே இல்லை. இப்போது என் சட்டையில் நனைந்த சுண்ணாம்பு வாசம் அடிக்கிறது. அதைத் துவைக்கப் போடாமல் நாற்காலியில் மாட்டிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன் மகள் ஸ்டெல்லா சமையலறைக்கு டைல்ஸ் ஒட்டினாள். தினமும் விடியுமுன் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிறவள், இதற்காக நான்கு நாள் லீவு போட்டாள். பக்கத்து ஊர் பேத்தமங்களாவிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். பசையைத் தடவி டைலை அப்பினால் முடிந்தது வேலை என்று நினைத்திருந்தேன். இல்லையாம். முக்கால்வாசி வேலை சுவரைத் தயார் செய்வதில்தான் இருக்கிறதாம். எண்ணெய்ப் பிசுக்கைச் சோடா உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும். பூச்சு எங்கே சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது என்று தட்டிப் பார்க்க வேண்டும். பிறகு உளியால் சுவர் முழுக்கக் கொத்திவிட வேண்டும். வழவழப்பில் டைல் பிடிக்காதாம்.

தட்டிப் பார்ப்பது என்றதும் நான் எழுந்துவிட்டேன். மேஸ்திரியின் கம்பியை வாங்கி, தங்கச் சுரங்கத்தில் தலைக்கு மேலிருக்கும் பாறையைத் தட்டிக் கேட்பார்களே, அதே மாதிரி மூலைக்கு மூலை தட்டினேன்.

“கீழ எத்தனை வருசம் வேலை பார்த்தீங்க பெரியவரே?” என்றார் மேஸ்திரி.

“சாம்பியன் ரீப்ஸ்ல நான் எறங்காத லெவலே இல்ல.”

நான் சுரங்கத்துக்கு மேலே லேம்ப் ரூமில் விளக்கு கொடுத்துக்கொண்டிருந்தவன் என்பது உனக்குத் தெரியும். அவருக்கு எதற்கு அதெல்லாம்? கேஜ் கூண்டில் ஏறிக் கீழே இறங்கினவர்கள் அத்தனை பேரும் என் கையிலிருந்து வெளிச்சம் வாங்கித்தானே இறங்கினார்கள்.

ஜன்னலுக்குப் பக்கத்தில், நீ உயிரோடு இருந்தவரை காலண்டர் மாட்டிய இடத்தில், சத்தம் மாறியது. சுற்றிலும் சுண்ணாம்புப் பூச்சு, அங்கே மட்டும் மேலிருந்து கீழாக ஒரு பட்டை சிமென்ட். மேஸ்திரி சுரண்டியை விட்டு நெம்பினார். பச்சை பெயின்ட், அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் வருடா வருடம் அடித்த வெள்ளை, எல்லாம் ஒரே பத்தையாகக் கழன்று வந்தது. அதன் முதுகில் ஐந்து விரல் புடைத்திருந்தது. சுவரைப் பார்த்தோம். சிமென்ட்டில் பள்ளமாக ஒரு கை.

மேஸ்திரி உளியை வைத்தார். “ரெண்டு கொத்து கொத்தி ரொப்பிட்டா லெவலாயிடும்.”

“இருங்கண்ணா,” என்றாள் ஸ்டெல்லா. “மாமா, இது யார் கை?”

உளி சுவரிலேயே இருந்தது அக்கா. “உங்கம்மாவுது,” என்றேன்.

பிறகு கதை தானாக வந்தது. கீழே சுரங்கத்தில் பாறை வெடித்து இந்த வீட்டு அலமாரியிலிருந்து பாத்திரமெல்லாம் உருண்ட நாளைச் சொன்னேன். சுவர் மேலிருந்து கீழ் வரை பிளந்ததையும், எரிகிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டு நீ செருப்பில்லாமல் சுரங்க வாசலுக்கு, அந்த ஷாப்ட்டுக்கு ஓடியதையும் சொன்னேன். உன் வீட்டுக்காரர் கேஜில் மேலே வரும்வரை நீ அங்கிருந்து நகரவே இல்லை. அந்த வாரமே நீ சிமென்ட் குழைத்து விரிசலை மூடி, ஈரத்தின் மேல் கையை வைத்துக் கர்த்தருக்கு நன்றி சொன்னாய் என்று முடித்தேன். சர்ச்சே திரண்டு வந்து பார்த்தது என்றும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா அந்தப் பள்ளத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். “அம்மா கை இம்மாம் பெருசா மாமா?”

“மாவு பெசஞ்ச கைம்மா. பெருசாத்தான் இருக்கும்.”

அவள் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

“அந்த எடத்துல டைல் வேணாண்ணா,” என்றாள்.

“கிச்சன் நடுவுல ஓட்டை விட்டா என் பேரு கெட்டுப்பூடும்மா.”

“யாராச்சும் கேட்டா எங்க மாமா போட்டாருன்னு சொல்லிக்கிறேன், போங்க.”

இப்போது சுவர் முழுக்க வெள்ளை டைல். ஒரே ஒரு சதுரத்தில் மட்டும் பழைய சிமென்ட்டும் கையும். நேற்று ரயிலுக்குக் கிளம்புமுன் அதைத் துணியால் துடைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு ஒன்று குடைந்துகொண்டே இருக்கிறது. ஈரம் காயுமுன் கொத்துக்கரண்டியால் ஒரு இழு இழுத்திருந்தால் போயிருக்கும் அந்தப் பள்ளம். நீ ஏன் அதை விட்டுவைத்தாய்? விட்டுவைத்துவிட்டு ஏன் காலண்டரால் மூடினாய்?

ஸ்டெல்லாவிடம் சொன்னதில் முக்கியமான ஒன்று என் கைச்சரக்கு. விரிசலைப் பூசியவன் நான். ஸ்டூல் ஆடியது, விழாமலிருக்கக் கையை ஊன்றிவிட்டேன். நீ வந்து பார்த்துவிட்டு, “இன்னாடா, பாஸ்டர் மாதிரி செவுத்துக்குக் கை வெச்சு ஜெபம் பண்றியா?” என்றாய். ஷாப்ட்டிலிருந்து திரும்பிய பிறகு நீ சிரித்தது அப்போதுதான்.

என் கை என்று சொல்லியிருந்தால் அந்த உளி நின்றிருக்குமா என்று தெரியவில்லை அக்கா.