சிவப்புக் கயிறு யார் கையில் இருந்தது?

என்னைவிட இப்போது இளையவனாகிவிட்ட என் அண்ணனுக்கு,

மல்லிகா எழுதுகிறேன். உனக்கு மட்டும் சொல்ல வேண்டியதை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. நீ எப்படிச் செத்தாய் என்று கடற்கரையில் ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையில் நீதான் குற்றவாளி. செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லமாட்டான் என்பது அவர்களுக்கு எவ்வளவு வசதி!

முதலில் வீட்டுச் செய்தி. நைனாவுக்கு ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றில் நிழல் மட்டும் தெரிகிறது. நம் தறி ஓடிய கொட்டகையை ஒருவர் வாடகைக்கு எடுத்துத் தண்ணீர் கேன் அடுக்கி வைத்திருக்கிறார். அம்மா உன் பேரை எடுப்பதில்லை. “கடலுக்குப் போனது” என்கிறாள், மேயப் போய்த் திரும்பாத மாட்டைச் சொல்வது போல. நான் இப்போது நீ இருந்த பக்கத்திலேயே, சூளூர்பேட்டைக்கு வெளியே ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். உன் கடலின் உப்புக்காற்று கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் வழியாக வந்து முகத்தில் அடிக்கிறது. நான் ஜன்னலை மூடிவிடுகிறேன்.

நகரியில் நம் தெருவில் தறிச்சத்தம் ஒவ்வொரு வீடாக அடங்கிய வருஷங்கள் உனக்கு நினைவிருக்கும். வெளியூர்த் துணி லாரி லாரியாக வந்து இறங்கியது. நாம் நெய்ததை வாங்க ஆளில்லை. சிலர் திருப்பதிக்கு ஓட்டல் வேலைக்குப் போனார்கள், சிலர் சென்னைக்கு, சிலர் குவைத்துக்கு. நீ மட்டும் கடலோரத்து இறால் குட்டைகளில் மோட்டார் ரிப்பேர் பார்க்கப் போனாய். மழை பெய்தால் தெரு ஓரமாக ஒதுங்கி நடக்கிற பிள்ளை, தண்ணீருக்கு நடுவில் பிழைக்கப் போனாய்.

அங்கே கடலோரக் காவல் நிலையத்துக்குப் படகு இருந்தது, ஆள் போதவில்லை. அதனால் ஊர்ப் பையன்களையே வாலண்டியர்களாகச் சேர்த்துக் கடலில் ரோந்து போகவிட்டார்கள். தெரியாத படகு வந்தால் சொல்ல வேண்டும், எஞ்சின் நின்றுபோன மீனவர்களை இழுத்துவர வேண்டும், அவ்வளவுதான். சம்பளம் கிடையாது. பேர் போட்ட பனியனும் மதியச் சாப்பாடும் உண்டு. நீ ஒருநாள் எஞ்சினைச் சரிபார்க்கப் போனவன், அவர்களோடேயே ஒட்டிக்கொண்டாய். முகத்துவாரத்தில் சின்னப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கச் சிரிக்க நீச்சல் கற்றாயாம். இதை நீ சொல்லவில்லை. உன்னோடு படகில் போன போலய்யா பிறகு சொன்னான்.

ஆடிக் கிருத்திகைக்கு வீட்டுக்கு வந்தவன், சாப்பாட்டில் உட்கார்ந்தும் அதையேதான் பேசினாய்.

“சோத்துல கைய வச்சிக்கினு கடலப் பத்தியே பேசறியே அண்ணா,” என்றேன்.

“நீ கேளு மல்லி. படகு ஓட்டறவன் மணிக்கட்டுல ஒரு செவப்புக் கயிறு மாட்டிக்கினு இருக்கணும். அதோட இன்னொரு முனை எஞ்சின்ல இருக்கும். அவன் தவறித் தண்ணில வுழுந்தா, கயிறு புடுங்கிக்கினு வந்துடும். எஞ்சின் நின்னுடும்.”

“நிக்கலைன்னா?”

“ஆளில்லாத படகு நேராப் போவாது. வுழுந்தவனையே சுத்திச் சுத்தி வரும். வெறி புடிச்ச நாயி மாதிரி.”

“மொதல்ல துன்னுடா,” என்றார் நைனா.

நீ நிறுத்தினாயா? லைஃப் ஜாக்கெட்டைச் சும்மா தோளில் போட்டால் போதாது, கொக்கியை மாட்ட வேண்டும் என்றாய். எந்தப் பக்கம் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒரு ஆளிடம் சொல்லாமல் கிளம்பக் கூடாது என்றாய். யாராவது தண்ணீரில் விழுந்தால் ஒருவன் வேறு எதையும் செய்யாமல் விழுந்தவனைக் கைகாட்டிக்கொண்டே நிற்க வேண்டுமாம். அலைக்கு நடுவில் ஒரு தலை, கண்ணெடுத்தால் போச்சு என்றாய். அம்மா ரசம் ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். “அவனுங்க என்ன மாமியார்னு கூப்புடறானுங்க,” என்று நீயே சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். உண்மையிலேயே நீ ஒரு தொல்லைதான். கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு சொந்த வீட்டுக்கு வருகிற மனிதனை வேறென்ன சொல்ல?

அந்த நாளைப் பற்றிப் போலய்யா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பாதிக்கு மேல் உனக்கே தெரியும். கடைசிப் பகுதி உனக்குத் தெரியாமலிருந்தால் நல்லது.

படகுக்குப் புது எஞ்சின் வந்திருந்தது. அதை வாங்கிக் கொடுத்த பெரிய மனிதர் குடும்பத்தோடு வந்தார். மாலை, தேங்காய், போட்டோக்காரர். விழா முடிந்ததும் அவர் வீட்டுப் பெண்கள் ஒரு சுற்று போய்வர ஆசைப்பட்டார்கள். ரோந்துப் படகில் ஏற்றக் கூடாத ஆட்களை ஏற்றினார்கள். பட்டுப்புடவை கசங்கும் என்று யாரும் ஜாக்கெட்டைத் தொடவில்லை. படகில் போகிற உங்கள் மூன்று பேரையும் ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னார் நிலையத்து அதிகாரி. பனியனில் அச்சடித்திருந்த அந்தப் பெரிய மனிதரின் பேர் போட்டோவில் மறைகிறதாம்.

“ஜாக்கெட் இல்லாம படகு கெளம்பாது சார்,” என்று நீ சொன்னாய்.

அதிகாரி தெலுங்கில் சிரித்துக்கொண்டே கேட்டாராம்: “நீ நகரித் தறிக்காரன்தானே? உனக்கெதற்குக் கடல்? பயமாக இருந்தால் இறங்கிப் போ.”

எல்லோரும் சிரித்தார்கள். நீ இறங்கவில்லை.

ஏன் அண்ணா இறங்கவில்லை? இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். படகில் அந்தப் பெரிய மனிதரின் பேத்தி உட்கார்ந்திருந்தாள், சின்னப் பெண். அவளை விட்டுவிட்டு இறங்க மனம் வரவில்லையா? அல்லது தறிக்காரன் என்று சொன்னதும் ரோஷம் வந்துவிட்டதா? முதலாவது என்றால் உன்னைக் கும்பிடலாம். இரண்டாவது என்றால் செவிட்டில் ஒன்று வைக்கலாம். எதைச் செய்வது என்று தெரியாமலேயே எனக்கு வயதாகிறது.

உன் ஜாக்கெட்டைக் கழற்றி அந்தக் குழந்தைக்கு மாட்டினாய். கொக்கியை இழுத்துப் பார்த்தாய். ஓட்டியவன் சீனு. உன் அறையில் உன்னோடு தங்கியிருந்தவன், நம் வீட்டுப் பொங்கலுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டவன். கையில் கயிறு இருந்தால் போட்டோவில் கட்டிப்போட்ட மாதிரி தெரிகிறது என்று போட்டோக்காரர் சொல்ல, அவன் அதைக் கழற்றினான். எஞ்சின் முனை எஞ்சினிலேயே இருந்தது.

“சீனு, கயிற மாட்டு,” என்று நீ இரண்டு தடவை கத்தினாய். அவன் பெண்களைப் பார்த்துக் கண்ணடித்து, “மாமியார் வையுது பாருங்க,” என்றான்.

முகத்துவாரத்தில், அலை உடைகிற இடத்தில், வித்தை காட்டப் படகை வெடுக்கென்று திருப்பினான். அவன் ஒரு பக்கம் போனான். குழந்தை இன்னொரு பக்கம் போனாள். அவளைப் பிடிக்கப் போன நீயும் போனாய். எஞ்சின் நிற்கவில்லை.

நீ சொன்ன மாதிரியே வந்ததாம் அண்ணா. சுற்றிச் சுற்றி. போலய்யா எஞ்சினை நோக்கித் தவழ்ந்து போனான். பயத்தில் ஒரு அம்மாள் அவன் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உதறினான், விடவில்லை. முதல் தடவை படகு உங்களைத் தாண்டிப் போனது. ஜாக்கெட் போட்ட குழந்தையால் மிதக்க முடியும், முங்கித் தப்ப முடியாது. உன்னால் முங்கியிருக்க முடியும். அடுத்த தடவை படகு திரும்பி வந்தபோது நீ முங்கவில்லை. குழந்தையை இரண்டு கையாலும் தூரத் தள்ளினாய். தள்ளியதற்குப் பிறகு உனக்கு நகர நேரமிருக்கவில்லை.

போலய்யா காலைப் பிடுங்கிக்கொண்டு போய் எஞ்சினை நிறுத்தினான். அப்புறம் நிறுத்தி என்ன?

ஆஸ்பத்திரியில் துணியை முழுதும் விலக்கவேண்டாம் என்றார்கள். நைனா வெளியே நின்றுவிட்டார். நான்தான் போனேன். சின்ன வயதில் நீ தறிக்கட்டையில் விழுந்து, புத்தூரில் கட்டுப்போட்டும் கொஞ்சம் கோணலாகவே நின்றுவிட்ட இடது முழங்கை. அதைத் தொட்டுப் பார்த்து, ஆமாம் என்றேன். மற்றதைப் பார்க்கவில்லை. சீனுவுக்கு உதட்டில் ஒரு காயம். மீன்பிடிப் படகு அவனைத் தூக்கிக் கரையில் விட்டிருந்தது. குழந்தைக்கு ஒன்றுமில்லை.

அதிகாரி வெளியே வந்து நைனாவிடம் சொன்னார்: “உங்கள் பையன் ஜாக்கெட் போடவில்லை. விதியை மீறியிருக்கிறான். அவன் டூட்டியிலும் இல்லை, வாலண்டியர்தானே.”

“டூட்டில இல்லாதவன எதுக்கு சார் கடலுக்கு இட்டுக்கினு போனீங்க?” என்று நைனா கேட்டார்.

காரியத்தன்று பெரிய மனிதர் வீட்டிலிருந்து டிரைவர் வந்தான். ஒரு கூடை ஆப்பிள். வாசலிலேயே நின்று அம்மாவிடம் சொன்னான்: “பாப்பா தண்ணில வுழுந்த பேச்ச எங்கயும் எடுக்கவேணாம்னாங்க. கொழந்தைக்கு ஆயுசு கொறையுமாம்.” அம்மா கூடையை வாங்கி, எருமைக்குப் போடச் சொன்னாள். எருமை தின்றது. போலய்யா சில மாதம் கழித்து வந்து, உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டுக் குவைத்துக்குப் போய்விட்டான். அதோடு உனக்கிருந்த ஒரே சாட்சியும் போயிற்று.

இப்போது புதிய செய்திக்கு வருகிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் தம்பி வாலண்டியராகச் சேர்ந்திருக்கிறான். அவன் செல்போனில் எடுத்துவந்த படத்தை அவள் காட்டினாள். “இது உங்க மொகமா இருக்குதே அக்கா.” காவல் நிலையத்துச் சுவரில் உன் படம். கீழே தெலுங்கில் பெரிய எழுத்து: கவனக்குறைவு உயிரைக் குடிக்கும்.

லீவு போட்டுவிட்டுப் போனேன். பந்தலில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. புதுப் பையன்கள், இரண்டு மூன்று பெண்பிள்ளைகளும்கூட. கம்பால் உன் முகத்தைத் தட்டித் தட்டி ஒருவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். “இவன் நகரி ஆளு. ஜாக்கெட் வேணாம், நான் பெரிய ஆளுன்னான். மீனு துன்னுச்சு.” சிரிப்பு. அவர் திரும்பினார். சீனு. தொப்பை போட்டிருக்கிறான். அந்த நிலையத்திலேயே அவனுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

என்னைப் பார்த்ததும் கம்பு கீழே இறங்கியது.

“சீனு, செவப்புக் கயிறு யார் கைல இருந்திச்சி?” என்று கேட்டேன்.

“யாரும்மா நீங்க? கிளாஸ் நடக்குது. வெளிய உக்காருங்க.”

“நான் மல்லிகா. இந்தப் படத்துல இருக்கறவனோட தங்கச்சி. பொங்கலுக்கு வந்து எங்க வூட்ல துன்னியே, மறந்துட்டியா? கயிறு யார் கைல இருந்திச்சி?”

அப்போது நான் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. நீ சாப்பாட்டில் சொன்னதையெல்லாம் அதே வரிசையில் சொன்னேன். என் தோழியின் தம்பி எழுந்து படகுப்பக்கம் போனான். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு அங்கிருந்தே கூவினான்: “கயிறு இருக்குது அக்கா. ஆனா எஞ்சின சுத்தியே இறுக்கிக் கட்டி வச்சிருக்காங்க. முடிச்சு துருவோட ஒட்டிக்கினு இருக்குது.”

உன் சாவுக்குப் பிறகும் அப்படித்தான் ஓடியிருக்கிறது அண்ணா. இத்தனை வருஷமும்.

அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் படகேறவில்லை. முடிச்சை அறுத்து, கயிறு ஓட்டுபவன் கைக்கு வந்தால்தான் ஏறுவோம் என்று மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரி, இப்போது இருப்பவர் வேறொருவர், வந்து கத்திப் பார்த்தார். கடைசியில் கத்தி கொண்டுவரச் சொன்னார். உன் படத்தை மட்டும் எடுக்க முடியாதாம். மேலிடத்து உத்தரவு வேண்டுமாம்.

வாசல் வரைக்கும் சீனு பின்னாலேயே வந்தான். “உண்மைய சொன்னா என் வேல பூடும் அக்கா. எனக்கு ரெண்டு பொண்ணுங்க,” என்றான். கண்ணில் தண்ணீர். எனக்கு இரக்கம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை.

“வேலைய வுடாத சீனு,” என்றேன். “நீதான் கிளாஸ் எடுக்கணும்.”

அண்ணா, நான் வாலண்டியராகப் பேர் கொடுத்துவிட்டேன். தரையில் நடப்பதற்கே மூச்சு வாங்கும் எனக்கு. ஆனாலும் பயிற்சிக்கு வரலாம், முன்வரிசையில் உட்காரலாம், யாரும் தடுக்க முடியாது. அவன் கம்பை எடுக்கும் ஒவ்வொரு முறையும் நான் அங்கே இருப்பேன். உன்னைப் பற்றி என்ன சொல்வதானாலும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். பொய் சொன்னால் எழுந்து திருத்துவேன், உண்மை சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பேன். எதுவானாலும் அவன் தப்ப முடியாது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

போன வாரம் திருப்பதி கங்கம்மாவுக்குப் பொங்கல் வைத்தேன். சீனுவுக்கு நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசு கொடு தாயே என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மல்லிகா