அலகாபாத்தில் பெய்யவேண்டிய மழை

சுசீந்திரம்,
கொல்லம் 1127, வைகாசி 9.

சிரஞ்சீவி பகவதியப்பனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மையும் இவ்விடம் சுகம், நீ அவ்விடம் சுகமாக இருக்க தாணுமாலயன் துணை நிற்கட்டும். சுகத்தை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யும் அல்ல. போன மாதம் அனுப்பிய நன்னாரி வேரும் கருப்பட்டியும் வந்து சேர்ந்ததா என்று அம்மை கேட்கச் சொன்னாள். அலகாபாத்தில் நூற்றுப்பன்னிரண்டு டிகிரி என்று பத்திரிகையில் போட்டிருந்தான். இங்கே எத்தனை டிகிரி என்று சொல்ல ஊரில் கருவி கிடையாது, ஆகையால் அவரவர் சௌகரியம்போல ஏற்றியும் இறக்கியும் பேசிக்கொள்கிறோம். பழையாறு மணலாகக் கிடக்கிறது, குளத்தில் எருமை முங்கத் தண்ணீர் இல்லை. அம்மை உன் ஊர் வெயிலை நினைத்து விசிறியைத் தொடுவதில்லை. இவள் இங்கே வியர்த்தால் அங்கே உனக்குக் கொஞ்சம் குளிரும் என்பது அவள் கணக்கு. வானத்தைப் பற்றி மனிதர் போடும் கணக்குகளில் இதைவிட மோசமானவை உண்டு. அதில் ஒன்றை நான் போட்டேன், அதனால் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. அதைச் சொல்லி உன்னிடம் ஒரு காரியம் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

சித்திரை எட்டாம் தேதி உன் கடிதம் வந்தது. உன் கடிதங்களை நான் ரசலையன் காப்பிக்கடையில் உட்கார்ந்து வாசிப்பது உனக்குத் தெரியும். வீட்டைவிட அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்பது நான் சொல்லும் காரணம். உங்கள் வானிலை ஆபீசில் நீங்கள் பெரிய பலூனை மேலே விட்டு, அது போகும் திசையைக் குழாய் வழியே பார்த்துக் காற்றின் போக்கைக் குறித்துக்கொள்வதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்கள். விட்ட பலூனைத் திரும்பப் பிடிச்சிருவாவளா என்று ரசலையன் கேட்டான். பிடிப்பதில்லை என்றேன். அப்பம் சர்க்கார் சோலிதான் என்றான். அடுத்த பக்கத்தில், பழைய வருஷத்துப் பதிவேடுகளைப் பார்த்தால் இந்த அளவுக்குச் சுட்டெரித்த பிறகு ஏழெட்டு நாளில் பிற்பகலில் புழுதிக்காற்று கிளம்பி இடியும் மழையுமாக வரும், பெரும்பாலும் தப்பாது என்று எழுதியிருந்தாய். அதையும் வாசித்தேன். கையில் வடை வைத்திருந்தவர்கள்கூடக் கடிக்காமல் இருந்தார்கள். நான் முப்பது வருஷம் மராமத்து இலாகாவில் குமாஸ்தாவாக இருந்து, கால்வாயில் எந்தத் தேதியில் தண்ணீர் திறப்பு என்று நோட்டீஸ் எழுதி ஒட்டியவன். அந்த நோட்டீசை ஆடு தின்றதுண்டு, மனிதர் படித்ததாக எனக்கு நினைவில்லை. அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தண்ணீரைப் பற்றி நான் சொன்னதை இத்தனை பேர் வாய்மூடிக் கேட்டார்கள். அதன் கீழே நீ இன்னும் நாலு வரி எழுதியிருந்தாய். இந்தக் கணிப்பு கங்கைச் சமவெளிக்கு மட்டும்தான், இங்கேயே ஐம்பது மைல் தள்ளிப் போனால் செல்லாது, மலையும் கடலும் அடுத்தடுத்து இருக்கிற நம்மூர் வானத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது அப்பா, என்று. அந்த நாலு வரியை நான் வாசிக்கவில்லை. அந்த நேரம் காப்பி வந்தது. காப்பி வந்ததால் விட்டுப்போயிற்று என்றுதான் இந்தக் கடிதத்தை முதலில் எழுதினேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன். போதாததற்கு, உன் கடிதம் வந்து சேர ஆறு நாள் ஆகியிருந்தது, அதாவது உன் ஏழெட்டு நாளில் ஆறு நாள் தபாலிலேயே தீர்ந்துபோயிருந்தது. நான் வாசித்த நாளிலிருந்து எண்ணினேன்.

கோலப்பனை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு கல்குளம் பக்கமிருந்து வந்து, நம் வீட்டுக்கு மேற்கே ஒன்றரை ஏக்கரைப் பாட்டத்துக்கு எடுத்து உழுதவன். சொன்னதை நம்புகிற ஆள், அந்த வழக்கம் இந்த ஊரில் இல்லை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன்தான் கடை ஓரத்தில் நின்று, இது நமக்கும் சேத்துத்தானா அண்ணாச்சி என்று கேட்டான். வானத்துக்கு வேலியா கட்டியிருக்கு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னவற்றில் புத்திசாலித்தனமான வாக்கியம் அது என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். கன்னிப்பூ சாகுபடிக்குப் பொடிவிதை விதைப்பது உனக்கு மறந்திருக்காது. காய்ந்த வயலை உழுது பொடியாக்கி, உலர்ந்த நெல்லை அப்படியே தூவிவிட்டுக் கோடைமழைக்குக் காத்திருப்பது. மழை ஒழுங்காக வந்தால் பாடு மிச்சம். வராவிட்டால் எறும்புக்கு விருந்து. கொஞ்சமாக வந்தால்தான் பெரிய கேடு, முளைக்க வைத்துவிட்டுப் போய்விடும். கடையில் உன் கடிதத்தைப் புகழ்ந்தவர்கள் பதினைந்து பேர் இருக்கும். அவர்களில் ஒருவரும் விதைக்கவில்லை, புகழ்வதற்கு விதைநெல் வேண்டியதில்லை. கோலப்பன் ஒருவன்தான் புகழாமல் போய் உழுதான். பதின்மூன்றாம் தேதி வீட்டில் இருந்த விதை முழுவதையும் தூவிவிட்டான். பாதிய வச்சிக்கிடலாமே என்று அவன் பெண்டாட்டி முத்துக்கனி சொன்னாளாம். ஏட்டி, அண்ணாச்சி மகன் சர்க்கார்ல இருந்துல்லா சொல்லுகான் என்றானாம்.

பதினைந்தாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்குத் தாடகைமலைப் பக்கம் கறுத்தது. பிறகு அடித்த இடியில் அம்மை அர்ச்சுனா அர்ச்சுனா என்று சொல்லிக்கொண்டே நெல்லறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள், கீழத்தெருவில் ஒரு தென்னையின் மண்டை எரிந்தது. மழை கால்மணி நேரம் பெய்தது. சத்தத்தை வைத்துப் பார்த்தால் குளம் நிறைந்திருக்கவேண்டும், முற்றத்தில் ஓடுவதற்குக்கூடத் தண்ணீர் இல்லை. மறுநாள் காலை கோலப்பன் பழுத்த மட்டி வாழைக்குலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். தம்பிக்கு அனுப்பினா அழுகிரும், நீங்க ரெண்டுபேரும் தின்னா அவன் தின்ன மாதிரிதான் என்று சொல்லி வைத்துவிட்டுப் போனான். நான் வாங்கிக்கொண்டேன். அதுவரை உன் கடிதத்தை நான் சொல்லிக் கேட்டிருந்த அம்மை, அன்றைக்கு ஒரு பழத்தை உரித்துக்கொண்டே தானே வாசிக்க உட்கார்ந்தாள். அவள் வரிக்கு அடியில் விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள், அதனால் ஒரு வரியும் தப்பாது. அந்த நாலு வரியில் விரல் நின்றது. இத அங்க வாசிக்கலியா நீங்க என்று கேட்டாள். நான் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழத்தைத் தின்னாமல் வைத்துவிட்டு எழுந்து போனாள். மீதிக் குலையை நாலு நாளில் நான் தின்று தீர்த்தேன். நல்ல இனிப்பு.

கொஞ்ச நாளில் வயல் பச்சைகட்டியது. சுற்றுவட்டாரத்தில் பச்சை என்று இருந்தது அது ஒன்றுதான். சாயங்காலம் ஆட்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள், நானும் குடையோடு போய் நின்றேன், எல்லோரும் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார்கள். மழை விட்ட நாளிலிருந்து ஒரு சொட்டு இல்லை. தினமும் மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுக்கும், கொஞ்சம் உறுமும், கலைந்துவிடும். அணையில் தண்ணீர் திறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. முத்துக்கனி குளத்துக்குள் குழி தோண்டி, ஊறிய தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றினாள். ஒன்றரை ஏக்கருக்கு ஒரு குடம். இருபத்தெட்டாம் தேதி பயிர் கைபட்டால் பொடிந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் அன்று அவன் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவன், தம்பி சொன்ன மழை சொன்னபடிக்கு வந்துட்டுல்லா அண்ணாச்சி, நிக்காம போனதுக்கு அவன் என்ன செய்வான், இத அவனுக்கு எழுதிராதீங்க, பிள்ள மனசு விட்டுருவான் என்றான். எனக்கு ஆறுதல் சொல்லி முடித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான். நான் வீட்டுக்கு வந்தேன்.

விதை இல்லாதவனுக்கு நிலம் எதற்கு என்று நிலத்துக்காரர் பாட்டத்தை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார். காளை இரண்டும் விலைபோய்க் கொட்டாரம் ஊர் ஆளோடு போயின. மேற்கே மலையில் ரப்பர் தோட்டத்தில் முத்துக்கனியின் அண்ணன் வேலை பார்க்கிறான், அங்கே போவதாக முடிவு செய்து வைகாசி ஐந்தாம் தேதி காலை பஸ் ஏறினார்கள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் நான் பஸ்ஸடிக்குப் போனேன். ஜன்னல் வழியே அவனே முந்திக்கொண்டான். மலையில மத்தியானம் ஆனா இடி சாஸ்தியாம், இவளுக்கு இடின்னா உயிரு போயிரும், எந்த மாசம் வரைக்கும் அடிக்கும்னு தம்பிட்ட கேட்டு ஒரு காயிதம் போடச் சொல்லுங்க, அவன் சொன்னாம்னா இவ கொஞ்சம் தைரியமா இருப்பா என்றான். முத்துக்கனி என்னைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றேன். பஸ் போய்விட்டது.

ஆகையால் நீ அவனுக்கு எழுது. இடியைப் பற்றித் தெரிந்ததை எழுது, தெரியாததைத் தெரியாது என்று எழுது. இடி கேட்டால் மரத்தடியில் நிற்காமல் வீட்டுக்குள் போகச் சொல், அது ஒன்றாவது எல்லா ஊருக்கும் செல்லும் என்று நினைக்கிறேன். அதற்கும் முன்னால், முதல் வரியிலேயே, அந்த மழை நீ அலகாபாத்துக்குச் சொன்னது, நம்மூருக்குச் செல்லாது என்று நீ எழுதியிருந்ததை உன் அப்பா வாசிக்காமல் விட்டுவிட்டார் என்று எழுது. நீங்களே எழுதலாமே என்று கேட்பாய். மூன்று கடிதம் எழுதிப் பார்த்தேன், மூன்றிலும் காப்பி வந்துவிட்டது. அவனுக்கு வாசிக்கத் தெரியாது, தோட்டத்தில் யாரையாவது பிடித்துத்தான் வாசிக்கச் சொல்வான். வாசிக்கிறவர் ஒரு வரியும் விடாமல் வாசிக்கவேண்டும் என்று தலைப்பிலேயே போட்டுவிடு. விலாசம் தனித்தாளில் உள்ளே வைத்திருக்கிறேன்.

தலையில் துண்டில்லாமல் வெயிலில் நின்று பலூனைப் பார்க்காதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, அலுவலகத்திலிருந்து வந்த சூட்டோடு தண்ணீர் குடிக்காதே என்று அம்மை சொல்கிறாள். இங்கே காலையிலிருந்து வானம் மூடிக் கிடக்கிறது, இடவப்பாதி மழை நெருங்கிவிட்டது என்று கடையில் பேசிக்கொண்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நீ தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல், உன்னை நம்புகிறவர்களுக்குக் கேடு வராமல் இருக்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். இதுவரை எழுதியதை அம்மையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் விரல் மட்டிக்குலையைப் பற்றி எழுதிய இடத்தில் கொஞ்சம் நின்றது, மற்றபடி அடிவரை வந்தது. அதனால் ஒட்டி அனுப்புகிறேன். கோலப்பனுக்கு எழுத மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவதாணு